வெப்பக் கடலுக்கு அலைச்சறுக்குப் பயணம்: தேதி குறிப்பதிலிருந்து காயம் ஆற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பயணம் சொதப்புவது பெரும்பாலும் டிக்கெட் எடுக்கும் அன்றே. விடுமுறை கிடைத்த தேதி, படத்தில் பார்த்து மயங்கிய ஒரு நாடு, மலிவாக அகப்பட்ட ஒரு விமானம் என்று எல்லாம் முடிவான பிறகுதான் "அங்கே இப்போது அலை எப்படி?" என்று தேடுகிறார்கள். அது சீசன் இல்லாத மாதமாக இருக்கும். அல்லது அலை இருக்கும், ஆனால் ஏறக்கூடிய அலையாக இருக்காது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் உங்கள் தரம், அதற்கேற்ற கடலடி, அந்தக் கடலடிக்கு அலையும் காற்றும் சேரும் மாதம், அந்த மாதத்தில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், ஒத்துவரும் வாரம். நாடும் விமானமும் அதற்குப் பிறகு.

1. உங்கள் தரமும் கடலடியும்

ஒரு எளிய சோதனை: கடைசியாக நீங்கள் முயன்ற பத்து அலைகளில், யாரும் தள்ளிவிடாமல், உடையாத அலையின் முகத்தோடு பக்கவாட்டில் எத்தனையில் போனீர்கள்? ஏழுக்குக் குறைவு என்றால் மணல் தரை உள்ள கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். ஏழுக்கு மேல், அதுவும் தோள் உயர அலையில் என்றால், பாறை முனையைச் சுற்றி வரும் பாயிண்ட் பிரேக் சரியாக இருக்கும். தலை உயர அலையில் வேகமாக எழுந்து நிற்கவும், விழுந்தால் பதறாமல் இருக்கவும் முடிகிறவர்கள்தான் பவளப்பாறை மேல் உடையும் ரீஃப் பிரேக்கை நினைக்க வேண்டும்.

காரணம் ஆழத்தில் இருக்கிறது. அலை தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது உடைகிறது. மணல் கரையில் அந்த ஆழம் மெதுவாகக் குறைவதால் அலை சரிந்து நுரைக்கும். பவளத் திட்டிலோ ஆழ்கடலிலிருந்து சட்டென்று ஒரு மேடை எழுகிறது. அலைக்கு வேகத்தைக் குறைக்க நேரமில்லை. அடி தடுக்கப்பட்டு மேல்பகுதி முன்னே வீசப்படுகிறது. குழல்போல் உருளும் அந்த அழகான அலை உடையும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது.

மணல் கரைக்கும் ஒரு குறை உண்டு. மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் நன்றாக உடைந்த இடம் இந்த மாதம் ஒரே சுவராக மொத்தமாக விழும். ஆகவே மணல் கரைக்குப் போகிறவர்கள் ஒரே கடற்கரையை நம்பாமல், பக்கத்தில் நான்கைந்து கரைகள் உள்ள பகுதியில் தங்குவது நல்லது. பாயிண்ட் பிரேக்கில் அலை நீளமாக, ஒரே திசையில் ஓடும். திரும்பிப் போகும் வழியும் பக்கத்திலேயே அமைதியாக இருக்கும். கற்றுக்கொள்ளும் வேகம் அங்கே அதிகம். ஒரு அலையில் இருபது நொடி நிற்பது, இரண்டு நொடி அலை பத்தைப் பிடிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

2. மாதத்தை முடிவு செய்வது அலையும் காற்றும்

வெப்பமண்டலக் கரைகளுக்கு வரும் நல்ல அலை பெரும்பாலும் அங்கே பிறப்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, குளிர்ந்த அகலாங்குகளில் வீசும் புயல்கள் அனுப்புபவை அவை. தென்கோளத்தின் குளிர்காலம், அதாவது ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, இந்தியப் பெருங்கடலின் தெற்கு நோக்கிய கரைகளுக்கும், மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரைக்கும், ஃபிஜி, தஹீதி போன்ற தீவுகளுக்கும் அலை வரும் காலம். வடகோளத்தின் குளிர்காலத்தில் ஹவாயின் வடகரையும் கரீபியன் தீவுகளும் எழும்.

அலை மட்டும் போதாது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்க வேண்டும். அதைத்தான் ஆஃப்ஷோர் என்கிறார்கள். எதிர்த்து அடிக்கும் அந்தக் காற்று அலையின் முகத்தை வழவழப்பாக்கி, உடைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. ஒரே தீவின் இரண்டு பக்கங்களுக்கு இரண்டு சீசன் இருப்பதற்குக் காரணம் இதுதான். பாலியில் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வீசுவதால் உலுவாத்து இருக்கும் மேற்குப் பக்கம் ஒழுங்காக இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் காற்று வந்துவிடும், அப்போது நூசா துவா இருக்கும் கிழக்குப் பக்கம் போக வேண்டும். இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கிழக்குக் கரையின் அருகம்பே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெலிகம, ஹிக்கடுவை உள்ள தென்மேற்குக் கரை.

சீசனின் உச்சம் எல்லோருக்கும் நல்லதல்ல என்பதையும் கவனியுங்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களும் நடுநிலையினரும் சீசனின் தொடக்கத்திலோ முடிவிலோ போவதே சிறந்தது. அலை சிறிதாக இருக்கும், கூட்டம் குறையும், அறையும் எளிதில் கிடைக்கும்.

3. முன்கணிப்பின் ஒரு வரியைப் படிப்பது

தென்மேற்கு நோக்கிய ஒரு கரைக்கு அலை முன்கணிப்பில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1.5 மீட்டர், 15 நொடி, 210°, காற்று 6 நாட் 50°. பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதிகம் சொல்லும் எண் இரண்டாவது.

15 நொடி என்பது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம். ஆழ்கடலில் 8 நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 15 நொடி அலைக்கு அது சுமார் 350 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கும் என்பதால், 15 நொடி அலை 175 மீட்டர் ஆழத்திலேயே வளையவும், முனையைச் சுற்றித் திரும்பவும், ஒரு திட்டின் மேல் குவியவும் ஆரம்பித்துவிடும். அதே 1.5 மீட்டர் 8 நொடியில் வந்தால் இடுப்பளவு கலங்கல். 15 நொடியில் வந்தால் நல்ல ரீஃபில் தலைக்கு மேல் போகலாம். சுமக்கும் ஆற்றலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

210° என்பது அலை எங்கிருந்து வருகிறது என்பது; தென்-தென்மேற்கு. கரை 225° திசையைப் பார்ப்பதால் நேராக வந்து சேரும். காற்றின் 50° என்பதும் வரும் திசையே. வடகிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து. 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) மென்மையான காற்று. இந்த வரி ஒரு நல்ல காலை.

அந்த 1.5 மீட்டர், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. எப்போதாவது அதன் இரு மடங்கை நெருங்கும் அலையும் வரும். நீண்ட இடைவெளி அலைகளில் இதுதான் ஆபத்து: பெரிய அலைகள் கூட்டமாக வந்துபோன பின் பத்துப் பதினைந்து நிமிடம் கடல் தூங்குவதுபோல் கிடக்கும். அந்த நேரத்தில் வந்து பார்த்தவர் "சின்னதுதான்" என்று இறங்கிவிடுவார். எந்தக் கரையானாலும் குறைந்தது இருபது நிமிடம் நின்று பார்க்காமல் இறங்காதீர்கள்.

எத்தனை நாள் முன்னால் நம்பலாம்? 15 நொடி அலைக் கூட்டம் மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் பயணிக்கிறது. 4,000 கிலோமீட்டர் தொலைவில் புயல் வீசினால் உங்களை எட்ட நான்கு நாள் ஆகும். ஆகவே ஏற்கெனவே வீசிவிட்ட புயலின் அலை நான்கு நாள் முன்பே ஓரளவு உறுதி. இன்னும் உருவாகாத புயலை வைத்துச் சொல்லும் இரண்டு வாரக் கணிப்பை நம்பி எதையும் மாற்ற வேண்டாம். காற்றுக் கணிப்பு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பலவீனம்.

4. ஓதத்தை வைத்து வாரத்தைக் குறிப்பது

திட்டமிடுகிறவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. வெப்பக் கரைகளில் சிறந்த நேரம் விடியற்காலை. இரவில் நிலம் குளிர்ந்து நிலக்காற்று அடிக்கும், பத்து பதினொரு மணிக்குள் கடற்காற்று எழுந்து முகத்தைக் கலைத்துவிடும். ஆகவே உங்கள் அலைக்கு எந்த ஓதம் தேவையோ அது காலை 6 முதல் 9 மணிக்குள் வர வேண்டும்.

நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கரைகளில் உயர் ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஆழம் குறைந்த ஒரு ரீஃபுக்கு உயர் ஓதம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அது காலை 6.30க்கு வந்தால் நான்காம் நாள் 9 மணிக்கு. எட்டாம் நாள் நண்பகல் தாண்டிவிடும், காலை 6 மணிக்குத் தாழ் ஓதம், பாறை வெளியே தெரியும். ஏறக்குறைய பதினைந்து நாளில் சுழற்சி திரும்ப வரும். ஒரு வாரம் முன்பின்னாகத் தேதி வைத்தால் பயணம் முழுக்கத் தவறான ஓதத்தில் விழலாம்.

ஓத அட்டவணை பல மாதம் முன்பே துல்லியமாகக் கிடைக்கிறது. அலைக் கணிப்புக்கு இல்லாத வசதி இது. செய்ய வேண்டியது: போகும் கரையின் அருகிலுள்ள துறைமுகத்தின் அட்டவணையை எடுங்கள்; அந்த அலைக்கு உயர் ஓதமா, நடுவா, தாழ்வா எது நல்லது என்று விசாரியுங்கள்; அது காலையில் விழும் நாட்களை வட்டமிடுங்கள்; அந்த வட்டத்தின் நடுவில் பயணத்தை வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வலுக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் குறைவு. ஓதத்துக்கு முகம் சுளிக்கும் ரீஃபுகளுக்கு அந்த நாட்கள் சாதகம்.

பயணத்தின் நீளம், போக்குவரத்து நாட்கள் போக, கடலில் குறைந்தது எட்டு முதல் பத்து நாள் இருக்கட்டும். சீசனிலும் ஒரு புயலின் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நாள் கடல் தட்டையாகும். ஐந்து நாள் பயணம் முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கிப் போகலாம்.

5. பலகை

தொடக்க நிலையில் இருப்பவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். 8 அடி மென்பலகை பெரும்பாலான கற்கும் கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும். அளவுக்கு ஒரு கணக்கு: தொடக்கத்தில் உடல் எடை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு, நடுநிலைக்கு அரை லிட்டர் முதல் 0.6 வரை, தேர்ந்தவர்களுக்கு 0.4 அளவில். 70 கிலோ எடையுள்ள நடுநிலையாளர் 35 முதல் 42 லிட்டருக்குள் எடுக்கலாம். பயணத்துக்கென்று புதிய, சிறிய பலகை வாங்குவது பெரிய தவறு. பழகாத பலகையில் முதல் மூன்று நாள் வீணாகும்.

சொந்தப் பலகை கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு போதும்: தினசரிப் பலகை ஒன்று, அலை பெரிதானால் எடுக்க, அதைவிட மூன்று நான்கு அங்குலம் நீளமான ஒன்று. உடன் இரண்டு லீஷ், அதாவது பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு. லீஷ் ஏறக்குறைய பலகையின் நீளம் இருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்து ஒரு கீறல் பட்டாலும் மாற்றிவிடுங்கள், அறுவது அந்த இடத்தில்தான். லீஷைப் பலகையோடு கட்டும் சிறு கயிறு ஓரத்தைத் தாண்டி நீண்டிருந்தால், இழுவையில் அது கத்திபோல் பலகையின் விளிம்பை வெட்டும். கயிற்றைச் சுருக்கி, லீஷின் அகலப்பட்டை விளிம்பின் மேல் படும்படி கட்டுங்கள்.

வேக்ஸ் (கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் தேய்க்கும் மெழுகு): 24 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீருக்கு 'டிராப்பிக்கல்' என்று குறிக்கப்பட்ட கடினமான வகை. குளிர்நீர் வேக்ஸைக் கொண்டுபோனால் முதல் காலையிலேயே உருகி மார்பில் ஒட்டும். பழைய வேக்ஸை முழுக்கச் சுரண்டி எடுத்து, அடிப்பூச்சு போட்டு, மேலே டிராப்பிக்கல் தேயுங்கள். தேய்ப்பது நிழலில், வெயில் ஏறுமுன்.

6. பொதிவது

விமானத்தில் பலகை உடைவது பெரும்பாலும் மூக்கு, வால், விளிம்பு ஆகிய மூன்று இடங்களில். பாதுகாப்பும் அங்கேதான் குவிய வேண்டும்.

ஃபின்களை, அதாவது பலகையின் அடியில் உள்ள துடுப்புகளை, கழற்றித் தனிப் பையில் போடுங்கள். திருகுகள், ஃபின் சாவி இரண்டு, உதிரித் திருகுகள் நாலைந்து அதனுடன். சாவி தொலைந்தால் பலகை இருந்தும் பயனில்லை. வேக்ஸைச் சுரண்டிவிடுங்கள், சரக்கு அறைக்கு வெளியே வெயிலில் கிடக்கும்போது உருகி எல்லாவற்றிலும் அப்பும். குழாய்களுக்குப் போடும் நுரை உறையை நீளவாக்கில் பிளந்து இருபக்க விளிம்பிலும் மாட்டி, நாடாவால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். மூக்கையும் வாலையும் துண்டால் மூன்று சுற்று சுற்றுங்கள். இரண்டு பலகை என்றால் பெரியது கீழே, நடுவில் குமிழ் உறை அல்லது மடித்த துணி. பைக்குள் பலகை அசையவே கூடாது. பையின் ஒரு முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், 'டொக்' என்ற சத்தம் வந்தால் இன்னும் துணி திணிக்க வேண்டும். பை 10 மி.மீ. தடிமன் நுரை உள்ளதாக இருக்கட்டும். சில எபாக்சி பலகைகளில் (எபாக்சி பிசினால் மேல்தோல் போட்டவை) சிறிய காற்றுத் திருகு உண்டு. ஏற்றுமுன் தளர்த்தி, தண்ணீரில் இறங்குமுன் இறுக்குங்கள்.

டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்தின் பலகை விதியைப் படியுங்கள்: நீள வரம்பு, ஒரு பையில் எத்தனை பலகை, எடை. நிறுவனத்துக்கு நிறுவனம் இது வெகுவாக மாறும். பெரிய விமானம் ஏற்றுக்கொண்டதை, தீவுக்குப் போகும் சிறிய விமானம் மறுப்பதும் உண்டு. 32 கிலோவைத் தாண்டும் ஒற்றைப் பையைப் பல விமான நிலையங்கள் ஏற்பதில்லை.

காரின் கூரையில் கட்ட மென்தாங்கியும் இரண்டு பட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து ஓலமிடாது. பலகை அழுந்தி உள்வாங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். மூடிய காரில் வெயிலில் பலகையை விட்டால் உள்நுரையும் மேல்தோலும் பிரிந்து கொப்புளமாகும். அதைச் சரிசெய்வது கடினம்.

7. உடம்பும் மருந்தும் காப்பீடும்

எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் நீச்சல்: 400 மீட்டர் நிதானமாக, பிறகு 50 மீட்டர் வேகமாக எட்டு முறை, நடுவே அரை நிமிட ஓய்வு. படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்கும் பயிற்சி தினம் இருபது. நிற்காமல் 500 மீட்டர் நீந்த முடியாதவர் ரீஃப் பக்கம் போகக் கூடாது. லீஷ் அறுந்தால் நீச்சல் ஒன்றுதான் துணை. மூச்சடக்கும் பயிற்சியைத் தண்ணீரில் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும்.

மருத்துவரை நான்கு முதல் ஆறு வாரம் முன்பே பாருங்கள். டெட்டனஸ் ஊசி காலாவதியாகவில்லை என்று உறுதி செய்யுங்கள்; மலேரியா உள்ள பகுதியா என்று கேளுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், எனவே கொசு விரட்டி இரவுக்கு மட்டுமல்ல. காப்பீட்டில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: அலைச்சறுக்கு விபத்து, தொலைதீவிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு, பலகை சேதம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

வெயிலுக்கு: முழுக்கை ரேஷ் கார்ட் (தண்ணீரில் அணியும் இறுக்கமான மேற்சட்டை), முகத்துக்குத் துத்தநாக ஆக்சைடு பசை. காது மடல், உதடு, முழங்காலின் பின்புறம், கெண்டைக்கால் ஆகியவை மறந்துபோகும் இடங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ள பசைகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது; பலாவு 2020 முதலே தடுக்கிறது. பவளத்தின் மேல் மிதக்கப் போகிறவர்கள் தடை இல்லாத இடத்திலும் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

8. அங்கே போன பிறகு

முதல் நாள் கரையில் நின்று மூன்று விஷயம் பாருங்கள்: எந்த வழியாக உள்ளே போகிறார்கள், எந்த வழியாக வெளியே வருகிறார்கள், அலை முதலில் உடையும் இடம் எது. நுரையே இல்லாமல், சுற்றிலும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும் பட்டைதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். தெரிந்து பயன்படுத்தினால் உள்ளே போக வசதியான வழி. தெரியாமல் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாக விலகி வாருங்கள்.

உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. இன்னொருவர் ஏறிய அலையில் முன்னால் ஏறாதீர்கள். வெளியே போகும்போது சறுக்கி வருபவரின் பாதையைக் குறுக்கே வெட்டாமல் நுரைப் பக்கம் போங்கள். அலை வரும்போது பலகையை வீசிவிட்டு முழுகாதீர்கள், பின்னால் இருப்பவர் தலையில் படும். புதிய இடத்தில் முதல் அரை மணி ஓரமாக இருந்து, அந்தக் கரைக்காரர்களுக்கு வழிவிடுவது மரியாதை.

ரீஃபில் விழும்போது தலைகீழாகப் பாயக் கூடாது. கைகால் விரித்துத் தட்டையாக விழுங்கள். தரையில் காலை ஊன்றாதீர்கள். கைகளால் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம் போதும். நான்காம் நாள் தோள் கனக்கும். அன்று அரை நாள் ஓய்வு. தண்ணீரோடு உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேண்டும்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு.

9. அடிபட்டால்

பவளக் கீறல் சிறிதாகத் தெரியும், ஆனால் உள்ளே பவளத் துகளும் கிருமியும் இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து இரண்டே நாளில் சீழ் வைக்கும். கரையேறியதும் குடிக்கத்தக்க தண்ணீரால் ஐந்து நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு சோப்பும் மெல்லிய துணியும் கொண்டு தேயுங்கள். வலிக்கும், ஆனால் துகள் வெளியேற வேறு வழி இல்லை. போவிடோன் அயோடின் தடவி, உலர்ந்த கட்டு. சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்திலிருந்து கோடுபோல் சிவந்து மேலேறினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கடல் முள்ளெலி குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவையுங்கள். வெளியே தெரியும் முள்ளை மட்டும் இடுக்கியால் எடுங்கள். மூட்டில் ஆழமாக ஏறியிருந்தால் நோண்டாமல் மருத்துவரிடம் விடுங்கள். ஜெல்லி மீன் பட்ட இடத்தைத் தேய்க்கவோ நன்னீரால் கழுவவோ கூடாது. கடல்நீரால் அலசி, இழைகளை இடுக்கியால் எடுங்கள். பெட்டி ஜெல்லி மீன் உள்ள கடலாக இருந்தால் வினிகர் கரையிலேயே தயாராக இருக்க வேண்டும். மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனை.

பலகைக்கு அடிபட்டால் அதே நிமிடம் தண்ணீரிலிருந்து வெளியே வாருங்கள். உள்ளே ஏறிய நீர் நுரையைக் கனக்கச் செய்து மஞ்சளாக்கும். விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் ஒரு நாளாவது வைத்து வடியவிடுங்கள். 80 எண் உப்புத்தாளால் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் தேய்த்து, தூசியைத் துடைத்து, யு.வி. ரெசினை (வெயில் பட்டால் இறுகும் பிசின்) நிழலில் பூசி, மேலே ஒரு நெகிழித் தாளை அழுத்தி, பிறகு வெயிலில் காட்டுங்கள். சில நிமிடத்தில் கெட்டியாகிவிடும். பலகை எபாக்சி வகையா பாலியெஸ்டர் வகையா என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு ரெசின் வாங்குங்கள். எபாக்சி ரெசின் இரண்டிலும் பிடிக்கும். பாலியெஸ்டர் ரெசினோ, எபாக்சி பலகைகளின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரையைத் தொட்டால் அதைக் கரைத்து, சிறு விரிசலைப் பெரும் பொந்தாக்கிவிடும்.